எலும்பு கடித்த காளைகள்

எங்கள் வீட்டு மதிலை ஒட்டி நின்றுகொண்டு ஒரு காளை எலும்பு கடித்துக்கொண்டிருந்தது. சித்திரை மாதத்து வெயில். மாடியில் காயப்போட்ட துணிகளை எடுக்கப் போனவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்தேன். ஆட்டின் தொடை எலும்பாக இருக்க வேண்டும். வாய்க்குக் குறுக்கே அதை வைத்து, ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்க்குத் தள்ளித் தள்ளிக் கடித்தது. எச்சில் நூலாக ஒழுகியது. புல் தின்ன வேண்டிய வாயில் எலும்பைப் பார்த்ததும் எனக்கு அருவருப்புதான் வந்தது, கேள்வி வரவில்லை. இத்தனைக்கும் நான் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறவள். தாம்பரத்தில் ஒரு தனியார் லேபில், மனிதர்களின் ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு, பாஸ்பரஸ் எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று பார்த்து அறிக்கை எழுதுவதுதான் என் பிழைப்பு. கர்ப்பிணிப் பெண் ஒருத்தி சாம்பலை அள்ளித் தின்கிறாள் என்றால் அவள் உடம்பு எதைக் கேட்கிறது என்று நொடியில் சொல்லிவிடுவேன். மாடு எலும்பு தின்றதற்கு மட்டும் "சீ" என்று சொல்லிவிட்டுத் துணிக் கூடையோடு கீழே இறங்கினேன்.

அந்தக் காளை மாட்டுக்கார அக்காவுடையது. செம்பாக்கம் ஏரிக்கரைத் தெருக்களில் அவரை எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். பழைய ஊர்க்காரர், அவர் மாமனார் குத்தகைக்கு உழுத நிலத்தின் மேல்தான் எங்கள் மனைப்பிரிவே இருக்கிறது. கணவர் கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு கிடங்கில் காவல் வேலை. அக்காவிடம் பால் மாடு ஒன்றுகூடக் கிடையாது. சுற்றுவட்டாரப் பால்காரர்கள், பிறந்தது காளைக்கன்று என்று தெரிந்ததும் தெருவில் விரட்டிவிடுவார்கள் அல்லவா, அவற்றை வாங்கி வந்து வளர்ப்பார். ஏரி ஓரப் புல்லிலும் காலி மனைகளிலும் இரண்டு மூன்று வருடம் மேய்த்துவிட்டு, படப்பையிலிருந்து வரும் கறி வியாபாரிக்கு விற்பார். அதை மறைத்துப் பேசுகிற வழக்கம் அவரிடம் இல்லை. "கறிக்குத்தான் வளக்கறேன்" என்று யார் கேட்டாலும் சொல்வார். "பால் குடுத்தா கோமாதா, குடுக்கலன்னா குப்பமேட்டு மாடு. என்கைல வந்தா ரெண்டு வருசம் வவுறு ரொம்பத் துன்னுட்டுதான் போவும்." பதினொரு காளைகள் அப்போது அவரிடம் இருந்தன. கையில் ஒரு கம்பு, தலையில் சுருட்டி வைத்த துண்டு, மிகக் கட்டையான குரல். அந்தக் குரலுக்கு நான் பயந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

எனக்கும் அவருக்கும் சண்டை தொடங்கியது மதில் சுவரால். கிறிஸ்துமஸுக்கு அடித்த சுண்ணாம்பை அவருடைய மாடுகள் வரிசையாக நின்று நக்கின. ஒரு வாரத்தில் வெள்ளை போய்ச் செங்கல் தெரிய ஆரம்பித்தது. நான் மாடியிலிருந்து வாளித் தண்ணீரை ஊற்றி விரட்டுவேன். கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்துவிடும். இரண்டு முறை அக்காவிடம் சொன்னேன். "வாயில்லாத ஜீவன் மேடம், செவுத்த நக்கினா வூடா இட்ஞ்சிடும்?" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மாடுகளை அப்புறப்படுத்தச் சொல்லி மாநகராட்சிக்கு எங்கள் தெரு எழுதிய மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. மனுவைக் கொடுத்துவிட்டு வந்த அன்று, தெருமுனையில் நாலு பேர் கேட்க, "இந்த மாடுங்களுக்கு ஒரு வழி பண்ணாம விட மாட்டேன்" என்றும் சொன்னேன். வாய்வார்த்தைதான். ஆனால் அதைக் கேட்டவர்களில் அக்காவும் ஒருவர்.

சரியாக ஒரு வாரத்தில் முதல் காளை விழுந்தது. பின்னங்கால்கள் துவண்டு, ஏரி ஓரத்து வேலிக்காத்தான் மரத்தடியில் உட்கார்ந்தது, எழவில்லை. நாக்கு வெளியே தொங்கியது. கையால் தள்ளினாலும் உள்ளே நிற்கவில்லை. ஆனால் கண் மட்டும் தெளிவாக, வருகிறவர் போகிறவரை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்ததாம். மூன்றாம் நாள் மூச்சு நின்றது. அடுத்த நான்கு நாட்களில் இன்னும் இரண்டு. மூன்றாவது காளை இறந்த காலையில், நான் வேலைக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் கேட்டைக் கம்பால் தட்டும் சத்தம் கேட்டது.

"மேடம், வெளிய வா. இன்னா வச்ச என் மாட்டுக்கு? சொல்லிட்டு வேலைக்குப் போ."

எதிர்வீட்டுக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான் எதுவும் வைக்கலை அக்கா. நான் ஏன் வைக்கப் போறேன்?"

"ஒரு வழி பண்றேன்னு சொன்னல்ல? பண்ட்ட. மூணு போச்சு. லேப்புல தான வேல செய்யற, மருந்துக்கா பஞ்சம் உனுக்கு?"

யாரும் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். மனுவில் கையெழுத்துப் போட்ட அதே ஆட்கள். சிலருடைய பார்வையில் 'இவள் செய்திருப்பாளோ' என்பதுகூட இருந்தது. அந்தப் பார்வைதான் என்னை நிமிர்த்தியது. "இன்னிக்கு நான் வேலைக்குப் போகலை. மாட்டு டாக்டரைக் கூட்டிட்டு வர்றேன். அறுத்துப் பார்க்கட்டும். விஷம்னு அவர் சொன்னா என்னைப் போலீஸ்ல கொடுங்க" என்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கூட்டியா. நானும் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, செத்த மாட்டை யாரும் தொடாதபடி காவல் இருக்கப் போனார்.

அரசு கால்நடை மருந்தகத்திலிருந்து வந்த டாக்டர் அதிகம் பேசாதவர். இறந்த காளையின் வயிற்றைத் திறந்தார். பிளாஸ்டிக் பைகள் ஒரு பந்தாகச் சுருண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே எலும்புத் துண்டுகள், தேய்ந்து வழவழவென்று ஆனவை, இன்னும் தசைநார் ஒட்டிக்கொண்டிருந்தவை. மற்ற உறுப்புகளில் கண்ணுக்குத் தெரிய எந்தப் பழுதும் இல்லை. சோதனைக்கு அனுப்ப வேண்டியதைப் புட்டிகளில் எடுத்துக்கொண்டார். பிறகு கையைக் கழுவிவிட்டு, உயிரோடு இருந்த எட்டையும் பார்க்கப் போனார். தோலை இழுத்துப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார். முடி சிலிர்த்து நிறம் மங்கியிருப்பதையும், கால் மூட்டுகள் மரக்கட்டை போல விறைத்து நடப்பதையும் அவர் காட்டிய பிறகுதான் நாங்கள் கண்டோம்.

"இதுங்க எலும்பு கடிக்கிறதை யாராவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

அக்கா இல்லை என்று தலையாட்டினார். மேய்ச்சலில் விட்டுவிட்டு வீட்டு வேலைக்குப் போய்விடுகிறவர் அவர். நான்தான் "நான் பார்த்தேன்" என்றேன். "சுவரையும் நக்கும்."

டாக்டர் பொறுமையாக விளக்கினார். கோடையில் காய்ந்த புல்லில் போதுமான பாஸ்பரஸ் இருக்காது. வளர்கிற காளைக்கு எலும்பு வளர வேண்டும், சதை வைக்க வேண்டும். வெறும் புல்லில் அது கிடைக்காதபோது உடம்பு அதைத் தேடும். சுவர், மண், துணி, கடைசியில் எலும்பு. எலும்பில் ஒட்டி அழுகின சதையில் ஒரு வகைக் கிருமி நஞ்சு உண்டாக்கும். அந்த நஞ்சுதான் நரம்பைத் தளர்த்திச் சாகடிக்கிறது. "சோதனையில அது தெரியும்னு உறுதியா சொல்ல முடியாது. ஆனா அறிகுறி எல்லாம் அதுதான். விழுந்துட்டா கொடுக்க இங்க கைவசம் மருந்து கிடையாது. யாரும் விஷம் வைக்கலைம்மா. இதுங்க பசிக்குத் தின்னலை, குறைக்குத் தின்னிருக்கு. தாது உப்புக் கலவை கொடுங்க. எலும்பு எங்க கெடக்குதோ அதை முதல்ல எடுங்க" என்றார்.

நான் தப்பித்தேன். தெரு முழுக்கக் கேட்கும்படி அவர் அதைச் சொன்னார். ஆனால் 'எலும்பு எங்கே கிடக்கிறது' என்ற சொல் என் காதில் விழுந்தபோது எனக்கு எங்கள் வீட்டு விருந்து நினைவுக்கு வந்தது. மூன்று வாரங்களுக்கு முன்பு என் மகளுக்குப் புது நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. தேவாலயத்திலிருந்து வந்த பிறகு மாடியில் பந்தல் போட்டு இருநூறு பேருக்கு மட்டன் பிரியாணி. சாயங்காலம், சமையல்காரரின் ஆட்கள் இரண்டு பெரிய கூடைகளோடு வந்து "அம்மா, மிச்சத்த எங்க கொட்டறது?" என்று கேட்டார்கள். நான் பட்டுப்புடவையில் விருந்தினரை வழியனுப்பிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏரிப் பக்கம் கையைக் காட்டினேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். இந்த முறை கம்பு இல்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "ஊரே பாக்க உன்ன அசிங்கமா பேசிட்டேன் மேடம். தெர்யாமப் பேசிட்டேன். மன்சுல வச்சுக்காத" என்றார். அந்தக் கட்டைக் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. "பரவாயில்லை அக்கா" என்று சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். எதிர்வீட்டு அம்மா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கு அந்தச் சாட்சி தேவைப்பட்டது. "பரவாயில்லை" என்றேன். அவர் திரும்பி நடந்தார். நாலு வீடு தாண்டியிருப்பார். நான் செருப்புகூடப் போடாமல் ஓடிப் போய் அவரை நிறுத்தினேன்.

"அக்கா, நாங்களும் கொட்டினோம். என் பொண்ணு விசேஷத்துக்கு ஆக்கின பிரியாணி எலும்பு எல்லாம் அங்கதான் கொட்டச் சொன்னேன். நான்தான் கையைக் காட்டினேன்."

அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"எந்தப் பக்கம் கொட்னாங்கோ?"

"அந்த வேலிக்காத்தான் பக்கம்."

"மத்தியானத்துல அங்கதான் வந்து பட்த்துக்கும்" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "கறிக்கடைக்காரன் கொட்றான், கோயிக்கடைக்காரன் கொட்றான், நீயும் கொட்ன. ஏரின்னா குப்பத்தொட்டின்னு நென்ச்சிக்கினு கீறீங்கோ எல்லாரும்" என்று மட்டும் சொன்னார். பிறகு, "நாளிக்குக் காலைல ஆறு மணிக்கு ஒரு சாக்கு எட்த்துகினு வா. உன் லேப்புல கையுறை கீதில்ல, அத்தயும் எட்த்துகினு வா."

போனேன். என் வீட்டுக்காரர் "உனக்கு எதுக்கு இந்த வேலை, அதான் நீ காரணம் இல்லைன்னு ஆயிடுச்சே" என்றார். இருபத்தைந்து நாட்கள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்பும்கூட, நானும் அக்காவும் ஏரி ஓரத்தில் குனிந்து எலும்பு பொறுக்கினோம். கோழிக் கால்கள், ஆட்டு விலா, எந்தக் காலத்திலோ செத்த நாயின் தலை. வேலிக்காத்தான் மரத்தடியில் எங்கள் விருந்தின் பாக்குமட்டைத் தட்டுகள் மட்கத் தொடங்கியிருந்தன. நடுவில், விருந்தினருக்குக் கொடுத்த நன்றி அட்டை ஒன்று, பொன்னெழுத்தில் என் மகளின் பெயரோடு. அக்கா அதை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "பாப்பா பேரா? நல்லாக் கீது" என்றார். என்னிடம் நீட்டிவிட்டு அடுத்த எலும்புக்குக் குனிந்தார். எலும்புகளை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். கோழிக்கடைக்காரர் ஒருவர் மறுபடி மூட்டையோடு வந்தபோது, அக்கா அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் அவருடைய கடை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தார். கடைக்காரர் பிறகு வரவில்லை.

உப்பைத் தின்ன வைப்பதுதான் பெரும் பாடாக இருந்தது. கொட்டிலில் கட்டிப்போட்ட பசுவென்றால் தீவனத்தில் கலந்து வைத்துவிடலாம். நாள் முழுக்க மேய்கிற காளைக்கு எங்கே வைப்பது? டாக்டர் கொடுத்த, மாடு நக்குவதற்கான தாது உப்புக் கட்டியை மரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். பெரிய காளை ஒன்று கொம்பால் முட்டி உடைத்து, பாதியைத் தானே தின்றது. பிறகு பொடியாக வாங்கிப் பாறைமேல் தூவினோம், காற்று கொண்டுபோனது. வெறும் கலவையை அவை முகர்ந்துவிட்டு நகர்ந்தன. அக்கா சலிக்கவில்லை. நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றை நீளவாக்கில் அறுத்துத் தொட்டியாக்கி, மழை படாமல் மேலே தகரம் போட்டு, தண்ணீர் குடிக்க இறங்குகிற வழியில் நிறுத்தினார். "துன்றத்துக்கு எங்க போனாலும் குடிக்க இங்கதான வந்தாவணும்" என்றார். கல்லுப்பும் தவிடும் எவ்வளவு சேர்த்தால் நக்குகின்றன, எவ்வளவுக்கு மேல் போனால் தவிட்டுக்காகவே அடித்துக்கொள்கின்றன என்று தினமும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். லேபிலிருந்து கொண்டுவந்த அளவுக் குவளையால் நான் அளப்பேன். அவர் கையால் கலப்பார். ஒன்பதாம் நாள் ஏழு காளைகள் வந்து நக்கின.

ஆனால் அதற்குள் எட்டாவதான ஒற்றைக்கொம்பன் விழுந்துவிட்டது. ஒரு கொம்பு உடைந்த செவலைக் காளை, மந்தையிலேயே சாது. முன்பே உள்ளே போன நஞ்சு என்றார் டாக்டர். நாக்கு கொஞ்சம் அசைகிறது, பிழைத்தாலும் பிழைக்கும். வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, விழுங்க முடியாமல் நுரையீரலுக்குப் போய்விடும் என்று எச்சரித்தார். அதைக் கேட்டதும் அக்காவின் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. இரண்டாவது காளை விழுந்தபோது கஞ்சி காய்ச்சி மூங்கில் குழாயில் ஊற்றியவர் அவர். "ஆசையா ஊத்னேன் டாக்டர்" என்றார்.

டாக்டர் தினமும் வந்து குழாய் வழியாகத் தண்ணீரும் சத்தும் வயிற்றுக்குள் விட்டார். எங்கள் வேலை அதைப் புரட்டிப் போடுவது. ஒரே பக்கமாகக் கிடந்தால் சதை அழுகிவிடும். மார்பு தரையில் படும்படி நிமிர்த்தி, இருபுறமும் வைக்கோல் மூட்டை அண்டக்கொடுத்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். காலையில் அக்காவோடு நான், பகலிலும் இரவிலும் அக்கா மட்டும், சாயங்காலம் மறுபடி நானும். காளையின் இடுப்புக்குக் கீழே கையை நுழைத்து "ஏலேலோ" என்று அவர் குரல் கொடுக்க நான் தள்ளுவேன். என் கைகளில் சாண நாற்றம் போகவே இல்லை. லேபில் பக்கத்து நாற்காலிக்காரி இடத்தை மாற்றிக்கொண்டாள். ஆறாம் நாள் நான் சோர்ந்துபோய், "இது எழுந்திரிக்கும்னு தோணலை அக்கா" என்றேன். "எய்ந்திரிக்கும். எய்ந்திரிக்கலன்னா அப்ப பாத்துக்கலாம். இப்ப தள்ளு" என்றார். பத்தாம் நாள் காலையில் நான் போனபோது ஒற்றைக்கொம்பன் முன்னங்கால்களை ஊன்றி, பின்பக்கம் ஆடியபடி நின்றுகொண்டிருந்தது. அக்கா எட்ட உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கிட்டப் போவாத. அதுவா நிக்கட்டும்" என்றார்.

அடுத்த கோடையில் எந்தக் காளையும் எலும்பைத் தொடவில்லை. தோல் மினுங்கியது. அதற்கடுத்த வருடம் படப்பை வியாபாரி வண்டியோடு வந்தார். பட்டியலில் ஒற்றைக்கொம்பனும் இருந்தது. நான் அக்காவைத் தனியே கூப்பிட்டு, "இதை மட்டும் விட்டுடுங்க. நான் வாங்கிக்கறேன்" என்றேன்.

"வாங்கி எங்க கட்டுவ? மாடிலயா?"

அவர் என் கையைப் பிடித்தார், முதல் முறையாக. "நான் இன்னாத்துக்கு வளக்கறேன்னு உனுக்கு ஆரம்பத்துலயே தெரியும். பத்து நாள் பொரட்னது இத்த சாவடிக்காம இருக்கத்தான்னு நீ நென்ச்சிக்கினியா? அது நாக்கத் தொங்கப்போட்டுகினு, மூச்சு முட்டி, கண்ணு முழிச்சிகினே சாவக் கூடாதுன்னுதான் பொரட்னோம்." கையை விட்டுவிட்டு வண்டிப் பக்கம் போனார். ஒற்றைக்கொம்பன் சாய்வுப் பலகையில் நாலு காலும் அழுந்தப் பதித்துத் தானாகவே ஏறியது. நான் அங்கேயே நின்று பார்த்தேன். திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது, போகவில்லை. அன்று நான் அழுதேன், அக்கா அழவில்லை. இதில் யாருக்கு அதிக அன்பு என்ற கேள்வியை அதன் பிறகு நான் எழுப்பிக்கொள்வதில்லை.

இப்போது ஏரியைச் சுற்றி வேலி, நடைபாதை. மாடு நுழைய முடியாது. நான் முதல் கையெழுத்துப் போட்ட மனுவும் ஏதோ ஒரு கோப்பில் இருந்திருக்கும். அக்கா படப்பைக்கு அப்பால் ஒரு தரிசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மந்தையோடு குடிபோய்விட்டார். போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார். "மேடம், லீவு போட்டுட்டு ஒரு நாள் வா. ஒரு ஆளாண்ட பேசணும்" என்றார். போனேன். பக்கத்துக் கொல்லைக்காரர் ஒருவர், அறுபது வயதிருக்கும், இருபது காளைகள் மேய்க்கிறார். அதில் இரண்டு விழுந்துவிட்டன. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று கீழ்க்கொல்லைக்காரரோடு அடிதடிவரை போயிருக்கிறார். அக்கா எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை.

"இவங்களாண்ட கேளு" என்று அக்கா என்னை அவர் முன்னால் நிறுத்தினார். "என் மாட்டுக்கு விஷம் வச்சாங்கன்னு இவங்களத்தான் நான் நடுத்தெருவுல வச்சு அசிங்கப்படுத்தினேன்."

அந்த மனிதர் என்னை உற்றுப் பார்த்தார். நான் சொன்னேன். காளை எலும்பு கடித்ததைப் பார்த்தும் பேசாமல் இருந்தது, அதற்கு முன்பே ஏரிப் பக்கம் கை காட்டியது, மூன்று மாடுகள் செத்தது, எதையும் விடவில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் அதைச் சொல்வது, அன்று அக்காவிடம் சொன்னதைவிடக் கடினமாகத்தான் இருந்தது. அக்கா இடையில் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை, எனக்குச் சாதகமாகக்கூட. சொல்லி முடித்ததும் அந்த மனிதர் தன் காளைகளைத் திரும்பிப் பார்த்தார். என்னைக் குறை சொல்வார் என்று நினைத்தேன்.

"அந்த உப்பு எங்க கெடிக்கும்மா?" என்று கேட்டார்.

அக்கா அதற்குள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார். "வா காட்றேன். மொதல்ல உன் கொல்லய சுத்தி வருவோம், எலும்பு எங்கெங்க கீதுன்னு பாப்போம். மேடம், நீயும் எய்ந்திரி" என்று சொல்லிவிட்டு, எங்களுக்காக நிற்காமல் வெயிலில் இறங்கி நடந்தார்.